பறக்கும் வீரனைத் தாங்கும் கம்பி

1997-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5-ஆம் நாள் கல்கத்தாவில் அன்னை தெரசா இறைவனடி சேர்ந்தார். அதே திங்களில்தான் தூர்தர்ஷனின் தேசிய ஒளிபரப்பில் 'சக்திமான்' என்னும் இந்தித் தொடர் தொடங்கியது. அன்னையோ கூன் விழுந்த சிற்றுருவம். நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலை. புதிதாக வந்தவனோ செந்நிற உடையும் பொன்னிற வேலைப்பாடும் மார்பில் கதிர்விடும் சக்கரமுமாக, ஒரு கையை உயர்த்திப் பம்பரம்போல் சுழன்று வானில் எழும்பும் வீரன். இவ்விருவருள் எவர் நம் சிறுவரின் உள்ளத்தில் அன்றே குடியேறினார் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

எட்டு ஆண்டுகள், அதாவது 2005 வரை, அத்தொடர் நீடித்தது. அன்று அதைக் கண்டு களித்த பிள்ளைகள் இன்று பெற்றோராகி, தங்கள் பிள்ளைகளைத் தோளில் சுமந்துகொண்டு திருப்பலிக்கு வருகின்றனர். அவர்களுடைய பிள்ளைகளுக்குச் சக்திமானைத் தெரியாது. ஆனால் கைப்பேசியின் சிறு திரையில் அவனைப் போன்ற பத்து வீரர்களைத் தெரியும். எனவே குழந்தைகளுக்கான இத்தகைய வீரக்கதைகள் எவ்வாறு ஆக்கப்படுகின்றன, திரைக்குப் பின்னே நிற்போர் யாவர், பறப்பவன் எதனால் பறக்கிறான் என்பவற்றை நம் குடும்பத்தார் அறிந்திருப்பது நலம் என்று கருதி இதை எழுதலானேன்.

உவரி போன்ற கடற்கரை ஊர்களுக்குத் தொலைக்காட்சி புதிதன்று. 1982-இல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கிய சில ஆண்டுகளுக்குள், தென்கரையோரத்தார் உயர்ந்த கம்பங்களில் ஆன்டெனாவைக் கட்டி அதைக் கடலை நோக்கித் திருப்பிவிட்டனர். காற்று அடித்தால் படம் ஆடும். ஒருவர் கூரைமேல் ஏறிக் கம்பத்தைத் திருப்ப, வீட்டுக்குள்ளிருந்து மற்றொருவர் 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று குரல் கொடுப்பார். மொழி தெரியாமலே படம் பார்க்கப் பழகிய கண்கள் நம்முடையவை. ஆதலால் சக்திமான் பேசிய இந்தி நம் பிள்ளைகளுக்கு ஒரு தடையாகவே இருக்கவில்லை. பின்னாளில் அத்தொடர் ஞாயிறு நண்பகலுக்கு மாற்றப்பட்டபோது, மறைக்கல்வி வகுப்பு சிறிது நீண்டாலும் பின்வரிசைப் பிள்ளைகள் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் எழுந்து, "சாமி, சக்திமான் பெருசா, நம்ம அந்தோணியார் பெருசா?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது; அவன் சிரிக்கவில்லை. கேள்வி அவனுக்கு அத்துணை மெய்யானது.

அப்பிள்ளைகளின் விளையாட்டும் மாறிற்று. கரையில் ஏற்றி வைத்திருக்கும் வள்ளத்தின் முனையில் ஏறி, சிவப்புத் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, கையை உயர்த்தி மணலில் குதிப்பார்கள். மணல் மெத்தென்று இருக்கும்; பெரியவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் ஒரு மாலைப் பொழுது, ஐந்து வயது நிரம்பாத பையன் ஒருவன் அதே துண்டோடு மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்றான். துணி எடுக்கப் போன அவன் பாட்டி கண்டு, ஓசைப்படாமல் பின்னால் சென்று இடுப்பைப் பற்றி இழுத்தார். கீழே இருந்தது மணலன்று, சிமெண்டுத் தரை. ஏன் ஏறினாய் என்று கேட்டதற்கு, "விழுந்தா சக்திமான் வந்து பிடிப்பாரு" என்றான். அவன் பறக்க விரும்பியவன் அல்லன், காப்பாற்றப்பட விரும்பியவன். இந்த வேறுபாட்டை நாம் அன்றுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

அது நம் ஊர்க் கதை மட்டுமன்று. 1990-களின் இறுதியில் வடமாநிலங்களிலிருந்து இதைவிடக் கொடிய செய்திகள் நாளிதழ்களில் வரலாயின. சக்திமான் வந்து மீட்பான் என்று நம்பி உயரத்திலிருந்து குதித்த பிள்ளைகள், தம் உடலில் தீ வைத்துக்கொண்ட பிள்ளைகள் என்று எழுதப்பட்டது. தொடரை நிறுத்தவேண்டும் என்ற குரலும் எழுந்தது. தொடரைத் தயாரித்து நடித்தவர் அச்செய்திகள் உண்மையல்ல என்று மறுத்தார். எனினும் தம்மைப்போல் செய்து பார்க்கக் கூடாது என்று பிள்ளைகளுக்கு எச்சரிக்கையும் விடுத்தார். எச்செய்தி மெய், எது மிகை என்று தூரத்திலிருந்து நாம் தீர்ப்பிடுவது முறையாகாது. மாடிச் சுவரில் நின்ற அந்தச் சிறுவனைப் பற்றி அறிந்த எனக்கு அவற்றை முற்றிலும் தள்ளிவிடவும் இயலவில்லை.

அந்நடிகர் முகேஷ் கன்னா. பி. ஆர். சோப்ராவின் 'மகாபாரதம்' தொடரில் 1988 முதல் 1990 வரை பீஷ்மராக வந்தவர் என்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உடனே முகம் நினைவுக்கு வரும். தம் தயாரிப்பு நிறுவனத்துக்கும் பீஷ்மர் பெயரையே இட்டார். தினகர் ஜானி இயக்கினார். கதை எளியது. பல் எடுப்பான, மூக்குக் கண்ணாடி அணிந்த, எல்லாராலும் நகைக்கப்படும் கங்காதர் என்னும் பத்திரிகைப் புகைப்படக்காரர்தான் உண்மையில் சக்திமான். முனிவர் எழுவர் யோகப் பயிற்சியாலும் ஐம்பூதங்களின் ஆற்றலாலும் அவனை உருவாக்கினர். எதிரியின் பெயர் தமராஜ் கில்விஷ், இருளின் தலைவன். இருளுக்கும் ஒளிக்கும் இடையே நிகழும் போராட்டம் என்பது யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தைப் படிப்போர்க்குப் புதிய பொருளன்று. எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் அதனை ஒரே மூச்சில் புரிந்துகொண்டதில் வியப்பில்லை.

ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் அவ்வீரன் பிள்ளைகளை நேரே பார்த்துச் சில சொற்கள் பேசுவான். பல் துலக்கு, பொய் சொல்லாதே, தெருவில் குப்பை போடாதே என்ற வகையான சிறு அறிவுரைகள். தாய் நூறு முறை சொல்லியும் கேளாத பிள்ளை இவன் ஒருமுறை சொன்னால் கேட்கும் என்று அந்நாளில் வீட்டுக்கு வீடு சொல்லக் கேட்டதுண்டு. தாய்மார் இதைச் சற்றுப் பொறாமையோடுதான் சொன்னார்கள்.

இனிப் பணத்தின் கணக்கு. தூர்தர்ஷன் அத்தகைய தொடர்களுக்கு ஊதியம் தருவதில்லை. தயாரிப்பாளரே ஒளிபரப்பு நேரத்துக்குக் கட்டணம் செலுத்துவார். இடையிடையே வரும் விளம்பரங்களால் அதை ஈடுகட்டிக்கொள்வார். பார்லே-ஜி பிஸ்கட்டுக்கும் சக்திமானுக்கும் நம் நினைவில் பிரியாத உறவு ஏற்பட்டது இவ்வாறே. பார்ப்போர் பெருகப் பெருகக் கட்டணமும் ஏறியது. அந்த ஏற்றமே தொடர் நின்றதற்குக் காரணம் என்று முகேஷ் கன்னா பின்னாளில் கூறினார். உலகத்தை ஒவ்வொரு வாரமும் காத்தவனை ஒரு கட்டணச் சீட்டு வீழ்த்தியது என்றால் பிள்ளைகள் நம்பவா போகிறார்கள்!

பறத்தல் எங்ஙனம் நிகழ்கிறது? இதற்கு வழிகள் பல.

முதலாவது கம்பி. நடிகரின் உடைக்குள்ளே இடுப்பையும் தொடைகளையும் இறுக்கிப் பிடிக்கும் வார்க்கச்சை ஒன்று இருக்கும். அதன் இருபுறமும் மெல்லிய எஃகுக் கம்பிகள் இணைக்கப்படும். கம்பிகள் மேலே கப்பிகளின் வழியாகச் சென்று மறுபுறம் இறங்கும். அங்கே வலிய ஆட்கள் சிலர் ஒரே தாளத்தில் இழுப்பார்கள், அல்லது எதிர்ப்பாரம் தொங்கும். திருவிழாவின் முதல் நாளன்று நம் கோவில் கொடி ஏறுவதும் ஒரு கப்பியால்தானே! கொடிக்குப் பதில் அங்கே மனிதன் ஏறுகிறான், அவ்வளவே. வலையையும் கயிற்றையும் அன்றாடம் கையாளும் நம் மக்களுக்கு இதைச் சொல்லி விளக்கவேண்டியதில்லை. எந்த முடிச்சு இறுகும், எது நழுவும் என்பதை அவர்கள் எனக்கே கற்பிப்பார்கள். கம்பி கண்ணுக்குத் தெரியாதிருக்க, அதன்மீது விளக்கொளி படாமல் பார்த்துக்கொள்வர். பின்னணியின் நிறத்தை அதற்குப் பூசுவர். கணிப்பொறி வந்தபின் இது எளிதாயிற்று. நம் நாட்டுத் தொலைக்காட்சியில் ஒரு நொடிக்கு 25 படங்கள் ஓடுகின்றன. பத்து நொடி பறந்தால் 250 படங்கள். ஒவ்வொன்றிலும் கம்பியை அழித்து அவ்விடத்தில் வானத்தை நிரப்பவேண்டும். முன்பு இதைக் கையால் பொறுமையோடு செய்தனர். வீரனின் பெயர் திரையில் பெரிதாக வரும். கம்பி அழித்தவரின் பெயர் வந்தால் எறும்பு எழுத்தில் வரும்.

இரண்டாவது, நீலத்திரை. இதனைத் தொழிலில் உள்ளோர் குரோமா கீ என்பர். நீலமோ பச்சையோ பூசிய சுவரின் முன்னே, அதே நிறத் துணி போர்த்திய முக்காலியின்மேல் நடிகர் குப்புறப் படுத்துக் கைகளை முன்னே நீட்டுவார். எதிரே ஒரு பெரிய மின்விசிறி சுழன்று அவருடைய தலைமுடியையும் மேலாடையையும் பறக்கச் செய்யும். படத்தில் எங்கெல்லாம் அந்த நீலம் இருக்கிறதோ அங்கெல்லாம் அதை எடுத்துவிட்டு, வேறிடத்தில் எடுத்த மேகக் காட்சியை நிரப்புமாறு மின்னணுக் கருவியைப் பணிக்கிறார்கள். முக்காலியும் சுவரும் மறைந்துபோக, நடிகர் மட்டும் மேகத்தினிடையே மிதக்கிறார். நீலத்தையும் பச்சையையும் ஏன் தேர்ந்தனர் எனில், மனிதத் தோலின் நிறத்தில் அவை மிகக் குறைவு. ஆகவே முகம் தப்பிவிடும். ஆனால் உடையில் அந்நிறம் இருக்கலாகாது. அன்னை தெரசாவின் சேலையை உடுத்தி நீலத்திரையின் முன் நின்றால் கரைகள் மட்டும் மறைந்து, அங்கே மேகம் தெரியும்! நம் தேவ அன்னையின் நீலப் போர்வைக்கும் அதே கதிதான்.

இவற்றுக்கெல்லாம் முன்னோடிகள் உண்டு. நம் தமிழ்ப் படங்களின் தந்திரக் காட்சிகளை மறந்துவிட இயலுமா? 1957-இல் வந்த 'மாயா பஜார்' படத்தில் கடோற்கசனாக வந்த ரங்காராவின் வாய்க்குள் லட்டுகள் தாமாகவே பறந்து புகுந்தன; அதன் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி, ஏற்காட்டில் பிறந்தவர். 1984-இல் கேரளத்து நவோதயா நிறுவனம் எடுத்த 'மை டியர் குட்டிச்சாத்தான்' படத்தில் பிள்ளைகள் சுவரிலும் கூரையிலும் நடந்தார்களே, அதன் மறைபொருளை நான் அறிந்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். பிள்ளைகள் எப்போதும் தரையில்தான் நடந்தார்கள், அறைதான் சுற்றியது! ஓர் அறையையே இராட்டினம்போல் சுழலும்படி அமைத்து, அதனோடு படக்கருவியையும் பிணைத்துவிட்டனர். கருவியும் அறையோடு சேர்ந்து சுழல்வதால், பார்ப்போர்க்கு அறை அசையாதது போலவும் பிள்ளைகள் கூரைக்கு ஏறுவது போலவும் தோன்றும்.

கடல் கடந்து அமெரிக்காவுக்குச் செல்வோம். அங்கே 1952 முதல் 1958 வரை ஜார்ஜ் ரீவ்ஸ் என்பவர் சூப்பர்மேனாக நடித்த தொலைக்காட்சித் தொடர் வெளிவந்தது. தொடக்கத்தில் அவரைக் கம்பியில் தூக்கினார்கள். ஒரு நாள் அவர் கீழே விழுந்துவிட்டார். பின்னர்க் கம்பியைப் பெரும்பாலும் கைவிட்டு, கிளம்பும்போது ஒரு துள்ளுபலகையில் மிதித்துத் தாவச் செய்தனர். காற்றில் மிதக்கும் காட்சிக்கு அவர் உடலின் வடிவில் வார்த்த ஒரு தொட்டில் போன்ற தட்டில் படுக்க வைத்தனர். இரும்பு மனிதன் எனப்பட்டவரைத் தாங்கியது ஒரு தட்டு. இன்னொரு செய்தி: முதல் இரண்டு ஆண்டுப் பகுதிகள் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டமையால், அவருடைய உடை நீலமும் சிவப்புமாக இருக்கவில்லை, பழுப்பும் சாம்பலுமாக இருந்தது. கறுப்பு வெள்ளையில் அந்நிறங்களே எடுப்பாகத் தெரிந்தனவாம். அங்கும் பிள்ளைகள் துணியைக் கட்டிக்கொண்டு குதிக்கத் தலைப்பட்டதால், ஒரு கதையில் சூப்பர்மேனே ஒரு சிறுவனிடம் வேறு எவராலும் பறக்க முடியாது என்று சொல்லுமாறு அமைத்தனர். நம் நாட்டுக்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த தொல்லை அவர்களுக்கு அப்போதே வந்திருந்தது.

ஜப்பான் நாட்டுச் செய்தி நம் வாசகர்களுக்குத் தனிச் சுவை தருவது. 1966-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் 'அல்ட்ராமேன்' என்னும் தொடர் அங்கே தொடங்கியது. அதன் பின்னணியில் இருந்தவர் எய்ஜி சுபுராயா. 1954-இல் 'காட்ஸில்லா' படத்தின் தந்திரக் காட்சிகளை அமைத்து உலகப் புகழ் பெற்றவர். கத்தோலிக்கரான தம் மனைவியைப் பின்பற்றித் தாமும் கத்தோலிக்கத் திருமறையைத் தழுவியவர். 1970-இல் இறந்தபின் டோக்கியோவை அடுத்த ஃபுச்சூவிலுள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் மறைவுக்குப் பின் 1972-இல் அந்நிறுவனம் எடுத்த ஒரு தொடரில், வீரச் சகோதரர் நால்வர் கொல்கொதா என்னும் பெயருடைய கோளில் சிலுவைகளில் தொங்கவிடப்படுகின்றனர். கிறித்தவர் மிகச் சிறுபான்மையாக உள்ள நாட்டின் குழந்தைகள் தொடரில் அப்பெயர் ஒலித்தது எனக்கு இன்றும் வியப்பே.

சுபுராயாவின் கூடத்தில் கணிப்பொறி இல்லை. நாற்பது மீட்டர் உயரமுள்ளவனாகக் காட்டப்படும் அல்ட்ராமேன், உண்மையில் இரப்பர் உடைக்குள் வேர்த்து விறுவிறுக்கும் ஓர் இளைஞர். சுற்றிலும் இடுப்பளவு உயரத்தில் அட்டையும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய நகரம். சிறியதைப் பெரியதாகக் காட்ட என்ன செய்தார்கள் தெரியுமா? படத்தை மிக விரைவாகப் பதிவு செய்து, வழக்கமான வேகத்தில் ஓட்டினார்கள். காரணம் பள்ளியில் படிக்கும் இயற்பியலே. பொருள் விழுவதற்கு ஆகும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் கட்டிய மாடம் இடிந்து விழ, உண்மை மாடம் விழும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கே ஆகும். ஆகவே ஐந்து மடங்கு மெதுவாக அதைக் காட்டினால் கண் ஏமாந்துவிடும். சுண்ணாம்புத் துண்டு கருங்கல்லைப்போல் கனத்து விழும். கணக்குப் பாடம் எதற்கு என்று கேட்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கு இதை நான் சொல்வதுண்டு.

சண்டைக் காட்சிகளின் கதை இன்னும் சுருக்கமானது. எறியப்படும் பாறை பெரும்பாலும் தெர்மோகோல். உடையும் நாற்காலி எடையற்ற மரம். நொறுங்கும் கண்ணாடியை முற்காலத்தில் சர்க்கரைப் பாகைக் காய்ச்சி ஊற்றிச் செய்தனர். குத்தின் ஓசை பின்னர் ஒலிக்கூடத்தில் சேர்க்கப்படுவது. மாடியிலிருந்து விழுபவர் கதாநாயகரே அல்லர். அதே உடை அணிந்த சண்டைக் கலைஞர். அவர் விழும் இடத்தில், படக்கருவியின் கண்ணுக்கு எட்டாத கீழ்ப்புறத்தில், காலி அட்டைப் பெட்டிகளை அடுக்கி மேலே மெத்தைகளை விரித்திருப்பார்கள். அந்த மெத்தையைத்தான் எந்தக் குழந்தையும் பார்ப்பதில்லை. மாடிச் சுவரில் நின்ற சிறுவனுக்குத் தெரியாமற்போனது அந்த ஒன்றே.

இவற்றையெல்லாம் வெளிப்படுத்திவிட்டால் குழந்தையின் இன்பம் கெட்டுவிடாதா என்று ஓர் ஆசிரியை என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. பாஸ்காத் திருவிழிப்பன்று நம் ஆலயங்களில் விளக்குகள் ஒளிர, மணிகள் முழங்க, வேட்டுச் சத்தத்தினிடையே உயிர்த்த ஆண்டவரின் சுரூபம் மேலெழுந்து காட்சி தருகிறதே. அதைத் தூக்கும் கயிற்றைத் திரைக்குப் பின்னே பிடித்திருப்பவர் நம் இளைஞர்கள்தாம். கயிற்றைப் பிடித்த இளைஞன் அடுத்த நொடியே முழந்தாளிட்டு வணங்குகிறான். கயிறு இருப்பது அவனுக்குத் தெரியும்; உயிர்ப்பு கயிற்றில் இல்லை என்பதும் தெரியும். காட்சியைக் காட்சியாகவும் மெய்யை மெய்யாகவும் பிரித்தறிய அவனுக்குக் கற்றுக்கொடுத்தது அந்தக் கயிறுதானோ என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு. ஆசிரியை முழுவதும் உடன்படவில்லை. மூன்று வயதுக் குழந்தைக்கு இது ஆகாது என்றார். அதில் அவர் பக்கம் நியாயம் உண்டு. மூன்று வயதில் அக்குழந்தையின் அருகே அமர்ந்து பார்ப்பதே போதும். ஆறு ஏழு வயதில் 'இதை எப்படிச் செய்திருப்பார்கள், சொல் பார்ப்போம்' என்று கேட்கத் தொடங்கலாம்.

தொலைக்காட்சிக்கும் நமக்கு ஒரு பாதுகாவலி உண்டு என்பதைப் பலர் அறியார். அசிசி நகர் புனித கிளாராவை 1958-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அதற்குப் பாதுகாவலியாக அறிவித்தார். நோயுற்றுப் படுத்திருந்த கிளாரா, கிறிஸ்துமஸ் இரவில் தொலைவிலிருந்த ஆலயத்தின் வழிபாட்டைத் தம் அறையிலிருந்தே கண்டார் என்பது மரபு. வீட்டில் படுத்தபடி திருப்பலி காணும் நம் முதியோர்க்கு ஏற்ற பாதுகாவலி.

திரைக்குப் பின்னே கம்பியும் மெத்தையும் மட்டுமா உள்ளன? பிள்ளைகளும் உள்ளனர். 2012-இல் சப் தொலைக்காட்சியில் தொடங்கிய 'பால் வீர்' என்னும் இந்தித் தொடரில் பறக்கும் வீரனே ஒரு சிறுவன். தேவ் ஜோஷி என்னும் அப்பையன் அத்தொடரிலேயே வளர்ந்து இளைஞனானான். சின்னத்திரையில் பாட்டுப் போட்டி, நடனப் போட்டி என்று அழைப்பு வரும்போது நம் பெற்றோரும் ஆவலோடு பிள்ளையை அழைத்துக்கொண்டு சென்னைக்குப் புறப்படுகின்றனர். புறப்படுமுன் சட்டம் என்ன சொல்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016-ஆம் ஆண்டுத் திருத்தமும், அதன்கீழ் 2017-இல் வந்த விதிகளும் கலைஞராகப் பணிபுரியும் பிள்ளைக்குப் பாதுகாப்புத் தருகின்றன. படப்பிடிப்பு நடைபெறும் மாவட்டத்தின் மாவட்ட நீதிபதியிடம், அதாவது நம் வழக்கில் ஆட்சியரிடம், தயாரிப்பாளர் அனுமதி பெறவேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது. இடையே ஓய்வின்றி மூன்று மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைக்கலாகாது. தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் பணி கூடாது. படிப்பு தடைப்படக் கூடாது. ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர் வீதம் பொறுப்பாளர் இருக்கவேண்டும். வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கையாவது அப்பிள்ளையின் பெயரிலேயே தேசிய வங்கியில் நிரந்தர வைப்பாக இடவேண்டும். அப்பணம் தந்தையின் கடனுக்கோ அக்காளின் திருமணத்துக்கோ உரியதன்று. இதை எழுதும்போது சில முகங்கள் கண்முன் வருகின்றன. அவர்கள் படித்தால் சினம் கொள்ளவேண்டாம்.

சென்ற கோடை விடுமுறை முகாமில் பீடச் சிறுவர்கள் தாமே ஒரு பறக்கும் காட்சியை எடுக்க விரும்பினர். நீலத்திரைக்கு எங்கே போவது? வலை மூடும் நீலத் தார்ப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து பங்கு மன்றத்தின் சுவரில் கட்டினர். ஆலய அலுவலகத்து ஸ்டூலின்மேல் அதே தார்ப்பாயின் துண்டைப் போர்த்தினர். மேசை மின்விசிறி வந்தது. சிவப்புத் துண்டு வந்தது. முந்திய நாள் மாலை கப்பல் மாதா ஆலயத்தின் பக்கமிருந்து கடலைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்தனர். நிறத்தை நீக்கிப் பின்னணியை மாற்றும் செயலி ஒன்றும் அவர்கள் கைப்பேசியில் இருந்தது. எனக்குத்தான் அதன் பெயர் வாயில் நுழையவில்லை. குழுவிலேயே இளையவனை ஸ்டூலில் குப்புறப் படுக்கவைத்துக் கைகளை நீட்டச் சொன்னார்கள். இரண்டு நிமிடத்தில் படம் முடிந்தது. எல்லாரும் தலையைக் கூட்டிக் கைப்பேசியைப் பார்த்தனர். சிறுவன் கடலுக்கு மேலே அருமையாகப் பறந்தான், துண்டு படபடத்தது. ஆனால் இடுப்புக்குக் கீழே தொடைகளைக் காணோம். அங்கே அலை புரண்டுகொண்டிருந்தது. அவன் அணிந்திருந்தது நீலக் காற்சட்டை!

சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. அவன் மட்டும் படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்போ நான் பறக்கவே இல்லியா?" என்று கேட்டான்.

"எலே, ஸ்டூல்லதான படுத்துக் கெடந்த," என்றான் மூத்தவன்.

இளையவன் ஸ்டூலைத் திரும்பிப் பார்த்தான். தார்ப்பாயைத் தொட்டுப் பார்த்தான். பிறகு காக்கிக் காற்சட்டை மாற்றி வருவதாகச் சொல்லி வீட்டுக்கு ஓடினான். இரண்டாம் முறை எடுத்த படத்தில் தொடைகள் சரியாக வந்தன. இடது மூலையில் ஸ்டூலின் ஒரு கால் சிறிது தெரிகிறது. அதை அப்படியே விட்டுவிட்டோம்.